ஸ்கோப் மாட்டினால் ஸ்னைப்பர் ரைபிள் ஆகிவிடுமா? லீ-என்ஃபீல்டு நம்பர் 4 'டி' பற்றி

கேள்வி இதுதான்: "இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் சாதாரண த்ரீ நாட் த்ரீ ரைபிளிலேயே ஒரு தொலைநோக்கியை மாட்டி ஸ்னைப்பர்களுக்குக் கொடுத்ததாகப் படித்தேன். அது உண்மையென்றால் அதே துப்பாக்கியை எப்படி 1980கள் வரை ஓட்டினார்கள்? 'டி' என்று முத்திரை குத்திய ரைபிள் ஒன்றின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன், அது அசல்தானா என்று எப்படிச் சொல்வது?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஸ்னைப்பர் ரைபிளை ஸ்னைப்பர் ரைபிள் ஆக்குவது துப்பாக்கியா, ஸ்கோப்பா, அல்லது இரண்டும் சேர்கிற இடமா? அந்த ரைபிளான லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 'டி' (ஸ்கோப் பொருத்திய வடிவத்துக்கான குறிதான் 'டி') விஷயத்தில் விடை சந்தேகமில்லாமல் மூன்றாவதுதான். அதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் அடிப்படை ரைபிள். நம்பர் 4 என்பது .303 அங்குலத் தோட்டாவைச் சுடும், 10 தோட்டா கொள்ளும் மேகஸின் உடைய, கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளி இயக்கும் ரைபிள். பேரல் நீளம் 25.2 அங்குலம். எடை ஏறத்தாழ 4.1 கிலோ. முதல் உலகப் போரில் ஓடிய பழைய லீ-என்ஃபீல்டைவிட இதன் பேரல் சற்றுத் தடிமன், உடல்பகுதி கனம் கூடியது, பின்பார்வை கண்ணுக்கு அருகே வந்த துளைப்பார்வை. பெருமளவில் உற்பத்தி 1941இல்தான் தொடங்கியது. இந்த ரைபிளின் போல்ட் வெகு வேகமானது. கைப்பிடியை 60 பாகை தூக்கினால் போதும், சுடும் ஊசியின் ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ளும்போதுதான் இறுகும். ஆனால் போல்ட்டைப் பூட்டும் காதுகள் முன்னால், சேம்பருக்கு (சுடும்போது தோட்டா அமரும் அறை) அருகில் இல்லை, பின்பக்கம் இருக்கின்றன. ஜெர்மானிய மவுஸர் வகையில் அவை முன்பக்கம் இருக்கும். இந்த ஒரு வேறுபாடு பின்னால் பல இடங்களில் தலைகாட்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1918க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் ஸ்னைப்பர் பயிற்சியைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. இரண்டாம் போர் தொடங்கியபோது கையில் இருந்தவை முதல் போர்க் காலத்துப் பேட்டர்ன் 1914 ரைபிள்கள்தான். நல்ல துப்பாக்கி, ஆனால் எண்ணிக்கை போதாது. 1940இல் பிரான்சின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து பின்வாங்கியபோது ஏராளமான ஆயுதங்களை விட்டுவிட்டு வந்த பிறகு தட்டுப்பாடு இன்னும் மோசமானது. முதல் தொகுதி நம்பர் 4 'டி' ரைபிள்கள் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையிலேயே, முன்பு சோதனைக்காகச் செய்து வைத்திருந்த ரைபிள்களிலிருந்து மாற்றப்பட்டன. 1942 முதல் இந்த வேலை லண்டனின் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் நிறுவனத்திடம் போனது. செல்வந்தர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்துகொடுத்த நிறுவனம் அது, கைவேலையில் பெயர்பெற்றது. போர் முடிவதற்குள் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபிள்களை அவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையும் சிறு எண்ணிக்கையில் செய்தது.

"சாதாரண ரைபிளில் ஸ்கோப் மாட்டினார்கள்" என்பது எவ்வளவு தூரம் சரி என்றால், உலோகம் சாதாரண ரைபிளின் உலோகம்தான். தனியாக வார்த்த சிறப்பு பேரல் இல்லை. ஆனால் கைக்கு வந்த ரைபிளையெல்லாம் எடுக்கவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு ரைபிளையும் சோதனைக்குச் சுட்டுப் பார்க்கும்போது குரூப்பிங் (குண்டுகள் இலக்கில் விழும் கொத்தின் அகலம்) வழக்கத்தைவிட இறுக்கமாக வந்தவற்றை ஒதுக்கிவைத்தார்கள். பர்மிங்ஹாம் அருகே ஷர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை ரைபிள்கள்தான் இப்படி ஒதுக்கப்பட்டவற்றில் மிகுதி. அவற்றின் பின்கட்டை (தோளில் வைக்கும் மரப்பகுதி) செருகும் சாக்கெட்டின் இடப்பக்கம் 'டிஆர்' என்று குத்தப்பட்டிருக்கும். மாற்றி முடித்த ரைபிள் மீண்டும் சுடப்படும். 200 கெஜத்தில் 7 தோட்டாவில் 7ம் 5 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும், 400 கெஜத்தில் 7இல் 6 தோட்டா 10 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். இன்றைய கண்ணுக்கு இது பெரிய சாதனையாகத் தெரியாது. சுமார் இரண்டரை கோணநிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோணநிமிடம்). ஆனால் போர்க்காலத்தில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய ஒரு ரைபிளிலிருந்து, கிடங்கில் இருந்த சாதாரணத் தோட்டாவை வைத்து, இதை ஆயிரம் ஆயிரமாக உறுதி செய்தார்கள் என்பதுதான் வியப்பு.

இனி ஒட்டுகிற இடத்துக்கு வருவோம். ரைபிள் உடலின் இடப்பக்கச் சுவரில் இரண்டு எஃகுத் திண்டுகள் பொருத்தப்பட்டன. முன்திண்டு வட்டமானது, மூன்று திருகு. பின்திண்டு சார்ஜர் பாலத்துக்கு (ஐந்து தோட்டாக் கொத்தை மேலிருந்து செருகும் இடம்) பக்கத்தில், இரண்டு திருகு. திருகோடு விடாமல் ஈயப்பற்றும் வைத்தார்கள். அந்தத் திண்டுகளின் மேல் வார்ப்பிரும்பில் செய்த ஒரு பிராக்கெட் உட்காரும். கைவிரலால் திருகக்கூடிய இரண்டு பெரிய திருகுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பிராக்கெட்டின் இரண்டு வளையங்களில் ஸ்கோப். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்து நம்பர் 32 ஸ்கோப்பில் குறிக்கம்பி பார்வை வட்டத்தின் நடுவிலேயே நிற்காது. தூரச் சக்கரத்தையோ பக்கச் சக்கரத்தையோ திருப்பினால் குறிக்கம்பியே நகர்ந்து ஓரத்துக்குப் போகும். ஆக, பிராக்கெட் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் அதைச் சரிக்கட்டவே சக்கரத்தின் பாதி வீச்சு செலவாகிவிடும், குறிக்கம்பியும் பார்வையின் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். அதனால் ஸ்கோப்பின் அச்சும் பேரலின் அச்சும் இணையாக வரும்வரை ஒவ்வொரு பிராக்கெட்டின் அடிமுகத்தையும் அந்தக் குறிப்பிட்ட ரைபிளின் திண்டுகளுக்கு ஏற்பக் கையால் சீவிப் பொருத்தினார்கள். ஒரு பிராக்கெட் ஒரு ரைபிளுக்குத்தான். இன்னொரு ரைபிளில் அது மாட்டும், ஆனால் பொருந்தாது.

அதனால்தான் எண்கள். ரைபிளின் வரிசை எண் பிராக்கெட்டில் குத்தப்பட்டது. ஸ்கோப்பின் எண் பின்கட்டையின் கழுத்தில், சாக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால், மேல்பக்கம் மரத்தில் குத்தப்பட்டது. ரைபிள், பிராக்கெட், ஸ்கோப் மூன்றும் சேர்ந்து ஒரே தொகுதி. ஒரு ஆர்மரர் (படையின் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்) அவசரத்தில் இரண்டு ரைபிள்களின் ஸ்கோப்புகளை மாற்றி மாட்டிவிட்டால் இரண்டும் ஸ்னைப்பர் ரைபிளாக இருப்பதை நிறுத்திவிடும். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் என் பதில்: ஸ்கோப் மாட்டினார்கள் என்பது சரி, ஆனால் அந்த 'மாட்டினார்கள்' என்ற சொல்லுக்குள்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

நம்பர் 32 ஸ்கோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உருப்பெருக்கம் 3 மடங்குதான். முன்கண்ணாடி 19 மில்லிமீட்டர். பார்வைப் பரப்பு 9 பாகை. கீழிருந்து எழும் ஒரு தூண், அதன் முனை உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி. மேல் சக்கரத்தில் 1000 கெஜம் வரை தூரம் பொறித்திருக்கும், இடப்பக்கச் சக்கரம் காற்றுக்காக, இரு பக்கமும் 16 கோணநிமிடம். பிராக்கெட்டோடு சேர்த்து இதன் எடை ஒரு கிலோவை ஒட்டி வரும், அதனால் முழு ரைபிள் 5 கிலோவைத் தாண்டிவிடும். இது முதலில் ப்ரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கத் தொடங்கிய ஸ்கோப் என்று பரவலாகச் சொல்வார்கள். அதன் தடித்த குழாயும் கனமும் அந்தக் கூற்றோடு ஒத்துப்போகின்றன, ஆனால் ப்ரென்னில் அது வழக்கமான பயன்பாட்டுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று மடங்கு போதுமா என்று இன்றைக்குக் கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் காலத்துக் கண்ணாடியில் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் வெளிச்சமும் பரப்பும் குறையும். விடியலிலும் அந்தியிலும்தான் ஸ்னைப்பருக்கு வேலை அதிகம். தேடுவதற்கு அவரிடம் 20 மடங்கு உருப்பெருக்கமுள்ள, இழுத்து நீட்டும் ஸ்கௌட் ரெஜிமென்ட் தொலைநோக்கி தனியாக இருந்தது. கண்டுபிடிப்பது ஒரு கருவி, சுடுவது வேறு கருவி.

இந்த ஸ்கோப் மூன்று வடிவங்களில் வந்தது, வேறுபாடு சுடுகிறவர் கையில் நன்றாகவே உணரப்படும். மார்க் 1இல் பக்கச் சக்கரத்தின் ஒவ்வொரு கிளிக்கும் 2 கோணநிமிடம், தூரச் சக்கரம் 50 கெஜத்துக்கு ஒரு படி. 400 கெஜத்தில் 2 நிமிடம் என்றால் 8 அங்குலத்துக்கு மேல். அதாவது சரியான இடம் இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் 4 அங்குலம் வரை பிழை நிரந்தரமாகத் தங்கிவிடலாம். ரைபிளின் குரூப்பிங்கே 10 அங்குலம் என்னும்போது இது சிறு விஷயமில்லை. மார்க் 2 வந்தபோது கிளிக் 1 நிமிடம் ஆனது. ஆனால் மார்க் 1, மார்க் 2 இரண்டிலும் ஜீரோ செய்வது, அதாவது குறிக்கம்பி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைப்பது, தொல்லை. குண்டு விழும் இடத்தைச் சரிசெய்த பிறகு, குறிக்கம்பி நகராமல் பிடித்துக்கொண்டு, தனிக் கருவியால் பூட்டைத் தளர்த்தி, எண் பொறித்த வளையத்தைச் சரியான தூரத்துக்குச் சுழற்றி, மீண்டும் பூட்ட வேண்டும். மூன்று கை இருந்தால் நன்றாக இருக்கும். போரின் கடைசிக் கட்டத்தில் வந்த மார்க் 3இல்தான் இந்த வேலை எளிதானது. உள்ளே ஈரம் புகுந்து கண்ணாடி மூடிக்கொள்வது எல்லா வடிவத்துக்கும் பொதுவான நோய். அதனால்தான் ஸ்கோப்புக்குத் தனியாக ஓர் எஃகுப் பெட்டி கொடுத்தார்கள், நகரும்போது கழற்றி அதில் வைக்கச் சொன்னார்கள்.

கழற்றி மாட்டினால் ஜீரோ மாறாதா? பொருத்தம் கெடாமல் இருந்தால் மாறாது, அல்லது கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவுதான் மாறும். நிபந்தனைகள் உண்டு. திண்டுகளின் முகமும் பிராக்கெட்டின் அடிமுகமும் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு மணல்துகள் போதும் கெடுக்க. இரண்டு திருகையும் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில், ஒரே இறுக்கத்தில், கைவிரலால்தான் இறுக்க வேண்டும். குறடு போட்டால் வார்ப்பிரும்பு பிராக்கெட் நெளியும். உண்மையில் கெடுவது பெரும்பாலும் முன்திண்டுதான். ஒவ்வொரு சூட்டின் உதையிலும் ஒரு கிலோ எடையுள்ள ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், ரைபிள் பின்னால் போகும். அந்த இழுப்பை வாங்குவது முன்திண்டின் மூன்று சிறு திருகுகள். அவை தளர்ந்தால் கையால் அசைத்துப் பார்த்து எதுவும் தெரியாது. இலக்கில்தான் தெரியும்: ஒரே குரூப்பிங் இரண்டாகப் பிரிந்து இரண்டு கொத்தாக விழும். திண்டின் விளிம்பைச் சுற்றி எண்ணெய் கசிந்து ஒரு மெல்லிய கோடு தெரிந்தாலும் சந்தேகப்படலாம். பேரலையும் தோட்டாவையும் குறைசொல்லத் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அது.

மாற்றத்தின் மற்ற பகுதிகள் சிறியவை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஸ்கோப் இயல்பான பார்வைக் கோட்டைவிட உயரமாக இருப்பதால் பின்கட்டையின் மேல் ஒரு மரக் கன்னத்தாங்கி இரண்டு திருகால் பொருத்தப்பட்டது. அது இல்லாமல் கன்னம் தொங்கும், ஒவ்வொரு சூட்டுக்கும் கண் வேறு வேறு இடத்தில் நிற்கும். பின்பார்வையில் இருந்த சண்டைக்கால வளையம் அரைத்து எடுக்கப்பட்டது, இல்லையென்றால் ஸ்கோப்பில் இடிக்கும். ஏணி போன்ற துளைப்பார்வை அப்படியே விடப்பட்டது, ஸ்கோப் உடைந்தால் மாற்று. சார்ஜர் பாலத்தின் மேலேயே ஸ்கோப் உட்கார்ந்துவிடுவதால் ஐந்து ஐந்தாகத் தோட்டா திணிக்கும் வழி அடைபட்டது. ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். .303 தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு உண்டு. மேலே போடும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும், பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். விரலால் ஒவ்வொன்றாகப் போடும்போது இந்தத் தவறு எளிதில் நேரும், குளிரில் கை மரத்திருந்தால் இன்னும் எளிதில்.

மரம். வேட்டைத் துப்பாக்கி, பந்தயத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பேரல் எதையும் தொடாமல் தனியே நிற்க வேண்டும் என்பார்கள். நம்பர் 4இன் வடிவமைப்பு அப்படியில்லை. சேம்பருக்கு முன்னால் உள்ள தடித்த பகுதி முன்கட்டையில் (பேரலுக்கு அடியில் ஓடும் மரம்) அமர்ந்திருக்கும், நடுவில் பேரல் எதையும் தொடாது, முனையில் மட்டும் முன்கட்டை பேரலை மேல்நோக்கி 2 முதல் 7 பவுண்டு அழுத்தத்தில் தாங்கும். பேரலின் முனையை இரண்டு விரலால் தூக்கிவிட்டால் மரத்திலிருந்து சற்றுப் பிரிந்து, விட்டதும் நடுவில் வந்து அமர வேண்டும். அந்த அழுத்தம்தான் சுடும்போது எழும் அதிர்வை ஒரே மாதிரி வைத்திருக்கிறது. மழையில் மரம் ஊதினாலோ வெயிலில் சுருங்கினாலோ இந்த அழுத்தம் மாறி, குண்டுகள் செங்குத்தாக மேலும் கீழும் சிதறும். இதைவிட மோசமானது முன்கட்டையின் பின்முனையில், உடலைத் தாங்கும் இரு முகங்கள் தேய்ந்துபோவது. அங்கே இடைவெளி விழுந்தால் ஒவ்வொரு உதைக்கும் உடல் பின்னால் நகர்ந்து வரும், எந்த ஸ்கோப்பாலும் அதைக் காப்பாற்ற முடியாது. மரத்தைப் பதமாக வைத்திருக்க ராணுவம் பயன்படுத்தியது ஆளிவிதை எண்ணெய். முன்கட்டையை அடிக்கடி கழற்றக் கூடாது என்று ஆர்மரர்கள் கண்டிப்பாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

தோட்டா விஷயத்தில் பின்பூட்டு வேலையைக் காட்டும். அன்றைய வழக்கமான .303 தோட்டாவான மார்க் 7இன் குண்டு 174 கிரெய்ன் (சுமார் 11 கிராம்), வேகம் நொடிக்கு 744 மீட்டர் அளவில். சுடும்போது தோட்டாக் கூடு சேம்பர் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும், அதனால் போல்ட்டின் மேல் விழும் அழுத்தம் குறையும். கூட்டிலோ சேம்பரிலோ தண்ணீரோ எண்ணெயோ இருந்தால் அந்தப் பிடி நழுவி, முழு அழுத்தமும் போல்ட்டுக்கு வரும். பூட்டுக் காதுகள் பின்னால் இருப்பதால் போல்ட்டும் உடலும் சேர்ந்து நீண்டு கொடுக்கும், குண்டு விழும் இடம் மாறும், பெரும்பாலும் உயரமாக. மழையில் கிடந்த ஸ்னைப்பருக்கு இது ஏட்டுப் பாடமல்ல. தோட்டாவை உலர்வாக வைப்பதும், சேம்பரையும் பேரலையும் சுடுவதற்கு முன் எண்ணெய் இல்லாமல் துடைப்பதும் அதனால்தான். இன்னொன்று, எந்தத் தொகுதித் தோட்டாவால் ஜீரோ செய்தாரோ அதே தொகுதியைத்தான் கடைசிவரை பயன்படுத்த வேண்டும். விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்காக வந்த மார்க் 8இசட் தோட்டா மேகஸினில் ஏறும், சுடவும் சுடும். ஆனால் அதன் குண்டு பின்புறம் குறுகியது. கார்டைட் என்ற வெடிமருந்தின் சூட்டில் அரிக்கப்பட்ட பேரலில் அது சரியாக அமராமல் குரூப்பிங் சிதறிவிடும்.

சுட்ட பிறகு கழுவுவது எண்ணெயால் அல்ல, கொதிநீரால். அந்தக் காலத் தோட்டாக்களின் வெடிப்பொட்டில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகப் பேரலில் படியும். உப்பு எண்ணெயில் கரையாது. ஈரத்தை இழுத்து இரண்டே நாளில் துருவாக்கும். புனல் வைத்துச் சேம்பர் பக்கமாகக் கொதிநீரை ஊற்றி, பேரல் சூட்டிலேயே உலர, புல் த்ரூவில் (பேரலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) துணி கட்டி இழுத்து, பிறகுதான் எண்ணெய். போல்ட் தலையையும் அதேபோலக் கழுவ வேண்டும். அந்தத் தலை திருகிக் கழற்றக்கூடியது, 0 முதல் 3 வரை நான்கு அளவில் வரும், விளிம்புக்கான இடைவெளியை 0.064 முதல் 0.074 அங்குலத்துக்குள் வைக்க அளவு மாற்றிப் போடுவார்கள். ஆனால் ஒரு ரைபிளின் போல்ட்டை இன்னொன்றில் போடுவது வேறு விஷயம். இரண்டு காதும் ஒரே நேரத்தில் சமமாகப் பதிய வேண்டும். ஒன்று மட்டும் தாங்கினால் பாதுகாப்பும் போகும், குரூப்பிங்கும் போகும். போல்ட் கைப்பிடியில் ரைபிளின் எண் குத்தியிருப்பது அதற்காகத்தான்.

இங்கே ஒரு சர்ச்சையைச் சொல்லியாக வேண்டும். லீ-என்ஃபீல்டு நெடுந்தூரத்தில் மற்ற ரைபிள்களைவிட நன்றாகச் சுடும், குறிப்பாக 900, 1000 கெஜத்தில், என்று பழைய இலக்குச் சுடுநர்கள் சொல்வார்கள். பின்பூட்டு உடல் நீண்டு கொடுக்கும்போது பேரலின் முனை மேல்நோக்கி எழும். மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறுவதால் உயரமான கோணத்தில் போகும், வேகமான குண்டு தாழ்ந்த கோணத்தில் போகும், தூரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் சேரும் என்பது விளக்கம். இயற்பியலாக இதில் பிழையில்லை, பழைய குட்டை லீ-என்ஃபீல்டில் இது கவனிக்கப்பட்டதுதான். ஆனால் இதை நம்பர் 4 'டி'யின் சிறப்பாகச் சொல்வது மிகை என்று நினைக்கிறேன். உடல் கனம் கூடிய ரைபிள் அது. மேலும் ஸ்னைப்பர் சுட்ட தூரம் பெரும்பாலும் அந்த ஈடுகட்டல் வேலை செய்யும் தூரத்தைவிட மிகக் குறைவு.

அந்தத் தூரம் எவ்வளவு என்பதைக் கணக்கே சொல்லும். 400 கெஜத்தில் குண்டு போய்ச் சேர ஏறத்தாழ 0.6 நொடி ஆகும். அதற்குள் நடந்து போகிறவர் முக்கால் மீட்டர் நகர்ந்துவிடுவார். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அதே தூரத்தில் குண்டை ஓர் அடிக்கும் மேல் தள்ளும். 450 கெஜத்தை 400 என்று மதிப்பிட்டால் குண்டு ஓர் அடி கீழே விழும். ரைபிளின் குரூப்பிங் 10 அங்குலம், தூர மதிப்பீட்டுப் பிழை 12 அங்குலம், காற்றுப் பிழை அதற்கும் மேல். ஆகவே 400 கெஜம் வரை உடல் அளவு இலக்கில் நம்பிச் சுடலாம், 200 சொச்சம் கெஜத்தில் தலை அளவு இலக்கில் சுடலாம் என்பது நியாயமான மதிப்பீடு. 1000 வரை சக்கரத்தில் எண் இருப்பதால் 1000 கெஜம் சுட்டார்கள் என்று பொருளில்லை. அவ்வளவு தூரத்தில் 3 மடங்கு ஸ்கோப்பில் தெரியும் மனிதன், வெறுங்கண்ணுக்கு 330 கெஜத்தில் தெரிகிற அளவுதான் இருப்பான். இணையத்தில் உலவும் நெடுந்தூரச் சூட்டுக் கதைகளை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

களத்தில் இருவராகத்தான் போவார்கள், ஒருவர் நோக்கர், ஒருவர் சுடுநர், மாறி மாறி. நார்மண்டியின் வேலிப்புதர்களிலும் இத்தாலியின் இடிந்த ஊர்களிலும் இவர்கள் சுட்டதைவிட அதிகம் செய்தது பார்ப்பதும் எழுதி அனுப்புவதும்தான். ஒரு நாளில் ஒரு தோட்டாகூடச் சுடாமல் திரும்புவது வழக்கமான நாள். போல்ட் இயக்க ரைபிளைத் தேர்ந்ததன் பயனும் இங்கேதான். சுட்ட பிறகு கூடு தானாக எகிறி வெயிலில் மின்னாது. போல்ட்டைத் திறப்பதா, எப்போது திறப்பது என்பது சுடுநர் கையில் இருக்கும். கொரியாவில் 1950 முதல் 1953 வரை இதே ரைபிள்தான். அங்கே குளிர்தான் பகை: எண்ணெய் கெட்டித்து, சுடும் ஊசி மந்தமாகி, தோட்டா வெடிக்காமல் போகும். போல்ட்டை எண்ணெயே இல்லாமல் துடைத்து வைப்பதுதான் வழி.

எப்படி 1980கள் வரை ஓடியது என்றால், தேவை குறைவாக இருந்ததும், இருந்த தொகுதி நன்றாக இருந்ததும்தான் காரணம். 1950களின் பிற்பகுதியில் காலாட்படை 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். என்ற, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிளுக்கு மாறிவிட்டது, ஸ்னைப்பர் மட்டும் .303இல் நின்றார். ஒரே படைக்கு இரண்டு வகைத் தோட்டா அனுப்ப வேண்டிய நிலை. 1970இல் என்ஃபீல்டு தொழிற்சாலை ஆயிரத்துச் சொச்சம் நம்பர் 4 'டி' ரைபிள்களை எடுத்து, பழைய உடலிலேயே தடித்த 7.62 பேரல் பொருத்தி, முன்கட்டையைக் குட்டையாக வெட்டி, பேரலைத் தனியே மிதக்கவிட்டு எல்42ஏ1 ஆக்கியது. ஸ்கோப்பும் பழைய மார்க் 3தான், மீட்டருக்கு மாற்றிப் பொறித்தது. 1944 என்று குத்திய உடலை ஏந்திக்கொண்டு 1982இல் ஃபாக்லாந்துக்குப் போனார்கள். அந்தப் போருக்குப் பிறகு, 1980களின் நடுவில், அக்யூரஸி இன்டர்நேஷனல் செய்த எல்96ஏ1 வந்தது. முன்பூட்டு, அலுமினியச் சட்டத்தில் அமர்ந்த உடல், 6 மடங்கு ஸ்கோப். மரம் ஊதுவது, முனை அழுத்தம், பிராக்கெட் சீவுவது என்று மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் அதோடு முடிந்தன.

கடைசியாக உங்கள் படம். உடலின் இடப்பக்கம் 'டி' முத்திரை ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஓர் எழுத்து அச்சு இருந்தால் யாரும் குத்தலாம், சேகரிப்பாளர்கள் தரும் விலைக்காகப் பலர் குத்தியிருக்கிறார்கள். மாறாக, முழுமையாகப் போலி செய்வதென்றால் திண்டுகள் பொருத்த வேண்டும், பின்பார்வை வளையத்தை அரைக்க வேண்டும், கழுத்தடியில் ஹாலண்ட் அண்டு ஹாலண்டின் 'எஸ் 51' குறியைக் குத்த வேண்டும், மரத்தில் ஸ்கோப் எண் வேண்டும், இவை அனைத்தும் ஒரே வயதுத் தேய்மானத்தோடு இருக்க வேண்டும். சறுக்குவது பெரும்பாலும் தேய்மானத்தில்தான்: பழைய மரத்தில் புதுக் குத்து, கூர்மையான விளிம்போடு நிற்கும். 'டிஆர்' இல்லாததை வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம், எல்லாத் தொழிற்சாலையும் அதைக் குத்தவில்லை. எண் பொருந்தாத ஸ்கோப்பும் போலிக்குச் சான்றாகாது, பணியில் ஸ்கோப்புகள் உடைந்து மாற்றப்பட்டன, பழைய எண்ணை அடித்துப் புதிய எண் குத்திய கட்டைகள் நிறைய உண்டு. நீங்கள் அனுப்பியது இடப்பக்கத் தோற்றம் மட்டும், அதை வைத்து நானும் சொல்ல முடியாது. பின்கட்டைக் கழுத்தின் மேல்பக்கம், அதே கழுத்தின் அடிப்பக்கம், ஸ்கோப்பைக் கழற்றிய நிலையில் இரண்டு திண்டுகளின் முகம், பிராக்கெட்டின் எண் தெரியும் பக்கம் என நான்கு படங்கள், சாய்ந்த வெளிச்சத்தில், துடைக்காமல் எடுத்துப் போடுங்கள்.